கர்ட்டெயில்மெண்ட்: ‘மின்வெட்டு’ அன்று, ‘உற்பத்தி மட்டுப்பாடு’

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்துறையில் வழங்கும் ‘கர்ட்டெயில்மெண்ட்’ (curtailment) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ‘மின்வெட்டு’, ‘உற்பத்திக் குறைப்பு’ என்னும் இரு பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. முதலாவதை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து. மின்வெட்டு நுகர்வோர் தலையில் விழுவது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருளில் கிடந்த இலங்கையருக்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. நாம் பெயர் தேடுவதோ, மின்சாரம் தேவைக்கு மிஞ்சிப்போய், ஆக்கக்கூடியதையும் ஆக்கவிடாமல் தடுத்துவைக்கும் நிலைக்கு.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, பகல்நேர மின்தேவை மிகவும் தாழ்ந்துவிடும் என்று கணித்த இலங்கை மின்சார சபை, கூரைமேல் சூரிய மின்தொகுதி வைத்திருப்போரைப் பிற்பகல் 3 மணி வரை அதனை அணைத்துவைக்குமாறு கேட்டுக்கொண்டது. மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் வலையமைப்பு நிலைகுலையும் என்ற அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதில் நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. செய்திகளில் பெயர் வாங்கியது குரங்குதான். ஆனால் அந்நேரம் வலையமைப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, சுழலும் பெரிய மின்னாக்கிகள் குறைந்திருந்தமையால், அதிர்வெண் சரிவைத் தாங்கும் சடத்துவம் (சுழலும் நிறை சட்டென வேகம் குறையாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை) போதாமற் போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை நண்பகலில் சில மணி நேரம் நிறுத்திவிட்டு மாலை உச்சத் தேவைக்குள் மீண்டும் எழுப்பவும் இயலாது. ஆகவே, விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் வெயிலாகவே இருக்கிறது.

‘குறைப்பு’ என்ற சொல்லும் இந்த விட்டுக்கொடுத்தலைக் காட்டவில்லை. மேகம் மறைத்தாலும் உற்பத்தி குறையும். நீர்மின் நிலையத்தில் குறைத்தால் நீர் நீர்த்தேக்கத்திலேயே நிற்கும், நுரைச்சோலையில் குறைத்தால் நிலக்கரி குவியலிலேயே கிடக்கும். மன்னாரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது காற்றாலை இறகுகளைத் திருப்பி உற்பத்தியைத் தாழ்த்தினால் அந்தக் காற்று கடந்தே போய்விடும். அன்று இரவு அதே அளவு மின்சாரத்தை இறக்குமதி எண்ணெய் எரித்துப் பெற வேண்டிவரும்.

எனவே ‘உற்பத்தி மட்டுப்பாடு’ என்று முன்மொழிகிறேன். ‘மட்டுப்படுத்து’ என்னும் வினை கட்டுப்படுத்துபவர் ஒருவர் இருப்பதைத் தானே உணர்த்துகிறது; முழுமையாக அணைப்பதற்கும் பாதியாகத் தாழ்த்துவதற்கும் பொருந்துகிறது. மட்டுப்பாட்டு ஆணை, மட்டுப்பாட்டு இழப்பீடு எனத் தொகைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன, மின் கொள்வனவு ஒப்பந்தங்களில் இவ்விரண்டும் இல்லாமல் முடியாது. தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்கள் இதை ‘பேக்டவுன்’ (back down) என்றே வழங்குகிறார்கள். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மட்டுப்படுத்தாமல் பின்னேரத்துக்கு எடுத்துவைப்பதற்கான ஏற்பாடுகள் தனி இழையில் வரவேண்டியவை. மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றிவைத்துப் பின்னர் அதை இறக்கி மின்சாரம் ஆக்கும், மகா ஓயாவில் திட்டமிடப்பட்டுள்ள 600 மெகாவாட் நிலையத்தின் வகைக்கு, தமிழ்நாட்டின் குந்தா, கடம்பாறை நிலையங்களின் வழக்கை ஒட்டி ‘நீரேற்று மின்நிலையம்’ என்பதையே கொள்ளலாம்; புதுச்சொல் தேவையில்லை.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் பாடநூல் வழக்கில் மின் உற்பத்தி ‘மின் பிறப்பாக்கம்’ என்றிருப்பதால், ‘பிறப்பாக்க மட்டுப்பாடு’ என்பதை இணைச்சொல்லாகப் பதியலாமா, அல்லது ஒன்றே போதுமா?