ஜைரோவில் கை நடுங்கிய நாள்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

இரட்டைப்பிளேடு

நானே ஆரம்பிக்கிறேன். தெரியாதவர்களுக்கு: ஜைரோ என்றால் தலைக்கு மேலே சுற்றுகிற ரோட்டர் பிளேடுகள் தூக்க, ப்ரொப்பெல்லர் தள்ளிப் பறக்கிற சின்ன வண்டி. பறக்கும்போது ரோட்டரைச் சுற்றுவது காற்றுதான், இன்ஜின் இல்லை. ஜைரோவுக்கு வருவதற்கு முன்னால் சாதாரண இறக்கை விமானத்தில் 200 மணி நேரம் ஓட்டியிருந்தேன். அந்த 200 மணி நேரம்தான் எனக்கு எமனாக வந்தது.

தனியாக ஓட்ட ஆரம்பித்து ஆறாவது நாளோ ஏழாவது நாளோ. எனக்குப் பின்னால் இரண்டு விமானங்கள் காத்திருந்தன. ரன்வேயில் போய் நின்று ப்ரீ-ரொட்டேட்டரை (கிளம்புவதற்கு முன் ரோட்டரைச் சுற்றிவிடுகிற கருவி) அழுத்திப் பிடித்தேன். என் வண்டியில் ரோட்டர் 200 ஆர்பிஎம் வந்த பிறகுதான் உருள வேண்டும். ஊசி 130-லேயே தயங்கித் தயங்கி நின்றது. ரேடியோவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். போதும் என்று விட்டுவிட்டேன். பழக்கதோஷத்தில், விமானத்தில் செய்வது போலவே த்ராட்டிலை முழுசாகத் தள்ளினேன்.

ஸ்டிக் முதலில் லேசாகத் தட்டியது. பக்கத்து அறையில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. நான் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தேன். அதற்குள் அது இரண்டு தொடையிலும் மாறி மாறி அறைய ஆரம்பித்துவிட்டது. அடுத்து ஒரு டமார். பிளேடு நுனி ரட்டரின் (வாலில் நிற்கிற திருப்புத் தகடு) மேல்பாகத்தைச் சீவிக்கொண்டு போய்விட்டது. வண்டி குடை சாய்ந்தது. நான் பெல்ட்டில் தொங்கியபடி எரிபொருள் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தேன். தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை.

காற்றை எதிர்த்து முன்னே போகிற பிளேடுக்குக் காற்று அதிகம் கிடைக்கும், பின்வாங்குகிற பிளேடுக்குக் குறைவு. ரோட்டர் வேகமாகச் சுற்றினால் இரண்டு பிளேடும் ஏற்றப்பலகை (சீசா) மாதிரி ஏறி இறங்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். ரோட்டர் சோம்பலாகச் சுற்றும்போது வண்டி மட்டும் வேகம் எடுத்தால், பின்வாங்கும் பிளேடு ஸ்டால் ஆகி (தூக்கும் சக்தியை இழந்து) தொப்பென்று விழும். அந்த அடிதான் ஸ்டிக்கில் தெரிவது. முதல் தட்டலிலேயே த்ராட்டிலை மூடி ஸ்டிக்கை முன்னால் கொடுத்திருந்தால் வண்டி பிழைத்திருக்கும். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். தேர்விலும் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

கொட்டகைக்காரன்

அண்ணே, உங்களுடையது தரையில் முடிந்தது, புண்ணியம். என்னுடையது 400 அடியில்.

பென்சன் பி-8 என்ற பழைய ஜைரோவின் பாணியில் நானே கட்டிய ஒற்றை இருக்கை வண்டி. அலுமினியச் சதுரக் குழாய், பின்னால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். வாலில் ரட்டர் மட்டும்தான், கிடைமட்ட வால் கிடையாது. "அது எதுக்கு, வெறும் எடை" என்று சொன்ன புத்திசாலிகளில் நானும் ஒருவன். பெரிய ப்ரொப்பெல்லர் போட்டால் தள்ளுவிசை நன்றாக இருக்கும் என்று போட்டேன். அது கீழே வண்டியின் அடிக்குழாயில் இடிக்கும் என்பதால் இன்ஜினைத் தூக்கி வைத்தேன். பார்க்க ஜம்மென்று இருந்தது.

ஒரு மதியம். வெயில் ஏறி, காற்று கொஞ்சம் குதித்துக்கொண்டிருந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிப் போகிறேன். மூக்கு கொஞ்சம் இறங்கியது, பின்னால் இழுத்தேன். ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தது, இன்னும் இழுத்தேன். அதற்குள் மூக்கு மேலே போய்விட்டது, முன்னால் தள்ளினேன். ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசு. என் கை எப்போதும் அரை வினாடி தாமதம். மூன்றாவது இறக்கத்தில் இருக்கை என்னை விட்டுக் கீழே போனது, உடம்பு பெல்ட்டில் தூக்கியது. தலைக்கு மேலே எப்போதும் கேட்கிற தப்தப் சத்தம் மெலிந்துபோனது. அந்த மெலிவை இன்றைக்கும் கனவில் கேட்கிறேன்.

த்ராட்டிலை மூடினேன். தெரிந்து செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மையில் பயத்தில் கை தானாக இழுத்தது. ஸ்டிக்கை லேசாகப் பின்னால் வைத்து அப்படியே உறைந்துபோனேன். சத்தம் திரும்பி வந்தது. வண்டி தன் பாட்டுக்குச் சமனாகி இறங்க ஆரம்பித்தது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கதையைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. "வண்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் மாஸ்ட் (ரோட்டரைத் தாங்கும் கம்பம்) கோணம் பார்க்க ஒரு தடவை தொங்கவிட்டதோடு சரி. அவர் இரண்டு தடவை தொங்கவிடச் சொன்னார்.

கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டினோம். ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நான் உட்கார்ந்தேன், டேங்கில் பாதி பெட்ரோல். முதலில் டீட்டர் போல்ட்டில் (ரோட்டர் ஏறி இறங்கி ஆடுகிற போல்ட்) தொங்கவிட்டு, அங்கிருந்து தூக்குக்குண்டு இறக்கி, நூல் போகிற வழியைச் சாக்பீஸால் வண்டியில் கோடு போட்டார். பிறகு வேறொரு இடத்தில் சங்கிலியை மாட்டி மறுபடி தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம்தான் வண்டியின் எடை மையம். அடுத்து ப்ரொப்பெல்லர் தண்டின் நடுவிலிருந்து முன்பக்கம் ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நூல் வெட்டுப்புள்ளிக்கு மேலே போனது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 13 செ.மீ.

அந்த 13 செ.மீ.தான் எமன். இன்ஜின் எடை மையத்துக்கு மேலே இருந்து தள்ளுகிறது, அதாவது மூக்கைக் கீழே கவிழ்க்கப் பார்க்கிறது. பறக்கும்போது ரோட்டர் மேலே இழுக்கிற விசை அதைத் தடுத்துப் பிடித்து நிற்கிறது. ரோட்டரில் எடை விழாத அந்த அரை நொடியில் தடுக்க ஆள் இல்லை, இன்ஜின் வண்டியை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போட வைத்துவிடும். கவிழ ஆரம்பித்தால் மீட்க வழியே இல்லை. இறக்கை விமானத்திலிருந்து வந்தவர்கள் இதில் அதிகம் மாட்டுவதற்குக் காரணம், ஆபத்து என்றால் ஸ்டிக்கை முன்னால் தள்ளு என்று கைக்குப் பழகியிருப்பதுதான். பறக்கிற ஜைரோவில் அதைப்போல் மோசமான காரியம் இல்லை.

ஒரு வருஷம் வண்டி பறக்கவில்லை. இருக்கையையும் டேங்கையும் உயர்த்தினேன், ப்ரொப்பெல்லரைச் சின்னதாக்கி இன்ஜினை இறக்கினேன், சக்கரக் கால்களை நீட்டினேன். வாலில், ப்ரொப்பெல்லர் காற்று நேராக அடிக்கிற இடத்தில், நல்ல அகலமான கிடைமட்ட வால் போட்டேன். மறுபடி தொங்கவிட்டபோது 2 செ.மீ. பார்க்க இப்போது வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மெதுவாப்பறவை

எல்லாரும் கேட்கிற கேள்வி, "இன்ஜின் நின்னா கல்லு மாதிரி விழுந்துடுமா?" எனக்கு நின்றிருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். குளிர்ந்த காலை, அவசரம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைச் சூடாக விடாமல் எடுத்துவிட்டேன். பிஸ்டன் சூட்டில் சீக்கிரம் விரிந்துவிடும், சிலிண்டர் அவ்வளவு சீக்கிரம் விரியாது. 250 அடியில் ஒரு கீச்சல், அப்புறம் நிசப்தம். முழு நிசப்தம் இல்லை, ரோட்டர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு இன்ஜின் நின்றது தெரியவே தெரியாது. கீழேயிருந்து மேலே பிளேடு வழியாகப் போகிற காற்றுதான் அதைச் சுற்றுகிறது. இன்ஜின் ஓடும்போதும் அப்படித்தான்.

மூக்கை மெதுவாக (கொட்டகைக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், மெதுவாக) இறக்கி வேகத்தை விடாமல் பிடித்தேன். இறங்குகிற உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் போனால் பெரிசு. ஆகவே அழகான இடம் தேட நேரம் இல்லை. நேர் எதிரே அறுவடை முடிந்த வயல். தரை முகத்துக்கு வந்தபோது ஸ்டிக்கை இழுத்தேன், வண்டி நின்று உட்கார்ந்தது. உருண்டது ஏழெட்டு அடிதான்.

பெல்ட்டைக் கழற்றிக் குதித்து ஓடத்தான் தோன்றியது. நல்லவேளை ஓடவில்லை. தலைக்கு மேலே ரோட்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, வேகம் குறையக் குறைய நுனி தாழ்ந்து வரும். ஸ்டிக்கை முன்னால் பிடித்துக்கொண்டு அது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கால் நடுங்கினது அப்போதுதான்.

பழையபைலட்

மேடம் சொன்னதைக் கேட்டுத் தைரியம் வந்து யாராவது மெதுவாகப் பறக்கப் போகாதீர்கள். நான் போனேன்.

ஜைரோ இறக்கை விமானம் மாதிரி ஸ்டால் ஆகாது என்பது உண்மை. இதைக் கண்டுபிடித்த ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியர்வா 1919-ல் வடிவமைத்த மூன்று இன்ஜின் விமானம் ஸ்டால் ஆகி விழுந்ததுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. முதல் மூன்று வடிவங்கள் பறக்கவில்லை. வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்தது. பிரம்பில் செய்த வளையும் பிளேடு வைத்த மாடல் மட்டும் ஒழுங்காகப் பறந்ததைப் பார்த்துத்தான் பிளேடுக்குக் கீல் வைத்தார். 1923 ஜனவரியில் சி.4 பறந்தது. இரட்டைப்பிளேடு சொன்ன ஏற்றப்பலகை சமாச்சாரம் அங்கே ஆரம்பித்ததுதான். மனுஷன் 1936-ல் இறந்தது க்ராய்டனில், பயணியாக ஏறிய சாதாரண விமானம் விழுந்து.

நான் என்ன செய்தேன்? கீழே நின்றவர்களுக்கு வேடிக்கை காட்ட 50 அடியில் ஊர்ந்துபோனேன். ஸ்டால் ஆகவில்லை, ஆனால் இறங்க ஆரம்பித்தது. த்ராட்டில் முழுசாகக் கொடுத்தும் இறங்கியது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அதே உயரத்தில் நிற்கவே இன்ஜின் பலம் அதிகம் வேண்டும், அது என்னிடம் இல்லை. மூக்கை இறக்கி வேகம் எடுக்க உயரமும் இல்லை. ஆக்சில் வளைந்தது, முதுகு இரண்டு மாதம். வேடிக்கை பார்த்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

நூல்பிடிச்சவன்

இவ்வளவு பெரிய கதை என்னிடம் இல்லை. புது பிளேடு மாட்டிய பிறகு ஸ்டிக் என் கையைப் பிடித்து வட்டம் போட்டது, ராட்டை சுற்றுகிற மாதிரி. பேரிங் மாற்றினேன், ஹெட் முழுக்கக் கழற்றிப் பூட்டினேன், ஒரு மாசம் போனது. கடைசியில் ஒரு பிளேடு நுனியிலிருந்து மறு பிளேடு நுனிவரை மீன்பிடி நூல் கட்டினேன். நூல் ஹப்பின் (இரண்டு பிளேடும் சேருகிற நடுப்பகுதி) மையப்புள்ளி மேலே போக வேண்டும், 3 மி.மீ. தள்ளிப் போனது. போல்ட்டைத் தளர்த்தி, பிளேடை மயிரிழை நகர்த்தி, மறுபடி முறுக்கினேன். அவ்வளவுதான். நூல் இருந்தது டூல் பெட்டிக்குள்ளேயே.

புதுசு

எல்லாம் படித்தேன். பயமும் வந்தது, ஆசையும் போகவில்லை. ஒருத்தர் பழைய ஒற்றை இருக்கை வண்டி விற்கிறார். படத்தில் பார்த்தால் இன்ஜின் உயரமாக இருக்கிற மாதிரி தெரிகிறது, கிடைமட்ட வால் சின்னதாக ஒன்று இருக்கிறது. கொட்டகைக்காரன் அண்ணா, வாங்குவதற்கு முன்னால் என்ன கேட்கணும்?

கொட்டகைக்காரன்

தம்பி, படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடை மையத்துக்கும் ப்ரொப்பெல்லர் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அவருக்கு எண் தெரிந்தால் நல்ல ஆள். தெரியாவிட்டால் தொங்கவிட்டுப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். உட்கார வேண்டியது நீங்கள், அவர் இல்லை. உங்கள் எடைக்கு மையம் மாறும். பிளேடு வேர்ப்பகுதியில் போல்ட் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். "ரொம்ப நாளா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை" என்பது பதில் இல்லை.

புதுசு

கேட்டேன் அண்ணா. "தொங்கவிடறதுன்னா என்ன?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். சனிக்கிழமை நேரில் போகிறேன். தூக்குக்குண்டும் சாக்பீஸும் எடுத்தாச்சு. செயின் பிளாக் அரை டன் போதுமா?