வீட்டிலேயே டயருக்குக் காற்றடிப்பவர்கள் ஒரு உதவி செய்யுங்கள்

வணக்கம் உறவுகளே. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மாதம் ஒருமுறை அம்மாவை நுவரெலியா கிளினிக்குக்குக் கூட்டிப்போக விடியக்காலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். அந்த நேரம் காற்றடிக்கும் கடை எதுவும் திறந்திருக்காது. அதனால் சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் செருகும் சின்ன 12 வோல்ட் கம்ப்ரசர் வாங்கினேன்.

பின் இடது டயர்தான் பிரச்சினை. 22இலிருந்து 30 பி.எஸ்.ஐ. வருவதற்குள் மெஷின் கொதித்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஆறினால் திரும்ப ஓடுகிறது, ஆகவே பியூஸ் போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டுத்தான் அடிக்கிறேன். இப்படி ஆறவிட்டு அடித்தால் போதுமா, இல்லை பேட்டரியில் நேராக மாட்டும் வகையை வாங்குவதா? அந்த டயரின் வால்வில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. வேறு எங்கே பார்க்கலாம்?

இன்னொன்று. உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கொழும்பில் 32 வைத்த டயர் நுவரெலியாவில் 3 பி.எஸ்.ஐ. அளவு கூடக் காட்டலாம். குளிரோ அதைத் திரும்பக் குறைக்கிறது. கார்க் கதவில் போட்டிருக்கும் அளவை இங்கே காலைக் குளிரிலேயே வைக்கிறீர்களா? ரதல்ல இறக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், அனுபவம் உள்ள அண்ணாமார் சொல்லுங்கள்.