எழுப்புதல் கூட்டத்துக்காக ஜெபிக்கிறேன், இருதயம் வறண்டே கிடக்கிறது: என்ன செய்வது?

பாயான் லெப்பாஸ் இரவுப் பணியாளர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். இரவு 7 மணிக்கு இயந்திரத்தின் முன் நின்றால் காலை 7 மணிக்குத்தான் வெளியே வருவேன். அடுத்த மாதம் எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். ஈப்போ, சுங்கைப் பட்டாணி, கோலாலம்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்று உட்கார வைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒலிபெருக்கி வேலையைப் பார்க்கும் சகோதரரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எதுவானாலும் செயலாளர் வழியாகத்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

கூட்டம் வரைக்கும் ஒவ்வொருவரும் தினமும் அதற்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் சொல்லியிருக்கிறார். ஜெபிக்கிறேன். "ஆண்டவரே, கூட்டத்தை ஆசீர்வதியும், திரளான ஜனங்களைக் கொண்டுவாரும், செய்தி கொடுப்பவரை அபிஷேகம்பண்ணும்." இதைத் தாண்டினால் சொல்ல ஒன்றும் வருவதில்லை. மறுநாளும் அதுவேதான். சில காலைகளில் அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தூங்கிவிடுகிறேன். அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பக் கூடாது என்று மத்தேயு 6இல் ஆண்டவர் சொல்கிறார். லூக்கா 18இல் சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்கிறார். நான் செய்வது இதில் எந்த வகை? வறண்ட இருதயத்தோடு வாசலில் நின்று எப்படி அடுத்தவரை வரவேற்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் சகோதரர்:

சகோதரரே, மாம்சத்தை ஒடுக்காமல் ஆவி எழும்பாது. தானியேல் 10ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். மூன்று வாரம் முழுவதும் அவர் ருசிகரமான அப்பம் புசிக்கவில்லை. இறைச்சியும் திராட்சரசமும் அவர் வாயில் படவில்லை. அவருடைய ஜெபம் முதல் நாளிலேயே கேட்கப்பட்டது. ஆனாலும் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றான். இடையில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் கோலாலம்பூரில் ஒவ்வொரு பெரிய கூட்டத்துக்கும் முன் 21 நாள் உபவாசம் இருக்கிறோம். வேலை முடிந்து வந்ததும் படுக்காதீர்கள். முழங்காலில் நில்லுங்கள். தூக்கம் வந்தால் எழுந்து நடந்தபடி ஜெபியுங்கள். வறட்சி தானாக உடையும்.

ஆயர் ஈத்தாம் தாதி:

தம்பி, நான் பணி ஓய்வு பெற்ற தாதி. பல வருடங்கள் இரவு வேலை பார்த்தவள் என்பதால் முதலில் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. செந்தூல் சகோதரர் சொல்லும் உபவாசத்தை மதிக்கிறேன், நானும் இருந்திருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்கிறவர், சாப்பாட்டையும் விட்டுத் தூக்கத்தையும் விட்டால், கை விரலுக்கு ஆபத்து. இனிப்பு நீர் இருந்து மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூடப் பட்டினி இருக்க வேண்டாம். தானியேலும் அந்த மூன்று வாரம் பட்டினி கிடந்தார் என்று அங்கே எழுதவில்லை. ருசியானதை விலக்கினார், அவ்வளவுதான். பிடிபடுவதற்கு முன் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் தூங்கியபோதும், ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்று அவர்கள் நிலையை அறிந்துதான் ஆண்டவர் பேசினார். தூங்கிப் போவதை நினைத்து உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வறட்சிக்கு வருகிறேன். உங்கள் மூன்று வாக்கியங்களையும் திரும்பப் படித்துப் பாருங்கள். கூட்டம், திரளான ஜனங்கள், செய்தி கொடுப்பவர். ஒரு மனிதரின் முகமாவது அதில் தெரிகிறதா? முகமே தெரியாத ஒன்றுக்காக ஒரு மாதம் ஜெபித்தால் யாருக்கும் நாக்கு வறண்டுதான் போகும்.

நீதிபதியிடம் விடாமல் நியாயம் கேட்ட லூக்கா 18இன் விதவையை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் 11ஆம் அதிகாரத்தில் நடு இரவில் கதவைத் தட்டிய ஒருவன் இருக்கிறான். நீங்கள் வாசலில் நிற்கப் போகிறவர், அதனால் அவன் உங்களுக்கு மிகவும் நெருங்கியவன். அவன் மூன்று அப்பம் கேட்டது தன் வயிற்றுக்கு இல்லை. பயணம் வந்த சிநேகிதனுக்கு முன்பாக வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. வந்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்; இவன் வெறுங்கையோடு அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறான். வெட்கத்தை விட்டு அவனைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தது வந்தவனுடைய பசி. ஜெபிக்கக் கற்றுக்கொடும் என்று சீஷர்கள் கேட்டபோது, விடாமல் ஜெபிப்பதற்கு ஆண்டவர் காட்டியவன் இவன்தான் என்று நினைக்கிறேன். உங்கள் சபைக்கு ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன பசி என்று தெரியுமா? தெரியாமல் எப்படி அவர்களுக்காக விடாமல் கேட்க முடியும்?

நான் செய்வதைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன 555 நோட்டு, சட்டைப் பையில் அடங்கும். கூட்டம் அறிவித்தவுடன் ஒன்று வாங்கிவிடுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி: "மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்." "வேலை நின்றுவிட்டது, மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை." "சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் போகிறார், உட்கார நல்ல நாற்காலி வேண்டும்." கடைசி வரி ஜெபமா, நாற்காலி ஏற்பாடா என்று கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர்கள் கிடைக்க, வருவதாகச் சொன்ன குடும்பங்களை அழைத்து, "உங்களுக்காக எதை வைத்து ஜெபிக்கட்டும்" என்று கேட்பேன். நோட்டை யாரிடமும் காட்டுவதில்லை. கூட்டம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன். நாளுக்கு இரண்டு பக்கம் போதும், நிதானமாக. வார்டில் வேலை பார்த்த காலத்தில் இரவு சுற்று வரும்போது ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு நொடி நின்று அந்த நோயாளிக்காக மனதுக்குள் கேட்டுவிட்டு நகர்வேன். அந்தப் பழக்கத்தில் வந்தது இது.

அடுத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டு "ஒரு பக்கம் இருக்கட்டும்" என்று நகர்ந்த அந்த வரி. ஒலிபெருக்கி சகோதரர். தம்பி, அது ஒரு பக்கம் இருக்காது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று அதே மலைப்பிரசங்கத்தில், நீங்கள் காட்டிய வசனத்துக்கு ஓர் அதிகாரம் முன்னால், ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கட்டும்.

எங்கள் ஜெபக் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டுப் பங்கு விஷயத்தில் அவருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு கூட்டத்துக்கு முன் தினமும் தம்பியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினார். முதல் வாரம் முழுக்க, "அவனை உணர்த்தும் ஆண்டவரே, அவன் கண்களைத் திறவும்." பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கே அது ஜெபமாகப் படவில்லை, புகார் மனுவாகத்தான் பட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள், "அவனுக்கு முழங்கால் வலி, மாடி ஏறக் கஷ்டப்படுவான்" என்று ஜெபத்தில் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு இடியப்பமும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி கூட்டத்துக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. வீட்டுப் பங்கும் தீரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அக்கா பாடியதைக் கேட்டிருந்தால் தெரியும், அவர் இருதயத்தில் என்ன நடந்திருந்தது என்று.

தொடர் ஜெபம் என்றாலே பலரும் சொல்லும் சரித்திரம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமம். 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்கைப் பங்கிட்டு இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அது நிற்கவில்லை. அதற்கு முன் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. வெவ்வேறு ஊர்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்த அந்த ஜனங்கள் உபதேசத்தின் பேரில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்த சின்சென்டார்ஃப் பிரபு வீடு வீடாகப் போய்ப் பேசினார். அந்த ஆண்டு மே மாதம் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஆகஸ்டு 13 அன்று திருவிருந்தில் ஒருமனப்பட்டார்கள். ஜெபச் சங்கிலி அதற்குப் பிறகுதான். அந்தப் பிரபு சிறுவனாக ஹாலே பள்ளியில் படித்தபோது நம் தரங்கம்பாடியிலிருந்து வந்த மிஷனரிகளைக் கண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டவர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

புக்கிட் மெர்தாஜாம் பங்குவாசி:

நான் கத்தோலிக்கன். பதில் சொல்லலாமா என்று தயங்கினேன், ஆனால் "அதே வார்த்தைகள்" என்ற கேள்வி என்னை இழுத்துவிட்டது. எங்கள் ஊரில் புனித அன்னம்மாள் திருவிழா ஜூலை 26. அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள் செபம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே செபங்கள்தான். முதல் நாள் வாய் சொல்கிறது, மனம் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று யோசிக்கிறது. ஐந்தாம் ஆறாம் நாளில்தான் வாய் சொல்வது மனதுக்குக் கேட்கத் தொடங்குகிறது. மெழுகுவர்த்தி ஊர்வலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நவநாள் முழுவதும் வந்தவர் ஊர்வலத்தில் நடப்பது வேறு மாதிரி இருக்கும்.

மத்தேயு 26:44ஐப் பாருங்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செபித்தார். வார்த்தை திரும்ப வந்ததால் அது வீணாகிவிடவில்லை. நிறையப் பேசினால் கேட்கப்படும் என்று நினைப்பதைத்தான் மத்தேயு 6 கண்டிக்கிறது.

பாயான் லெப்பாஸ் இரவுப் பணியாளர்:

மூவருக்கும் நன்றி. மத்தேயு 26:44ஐ எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், இந்தக் கண்ணோடு வாசித்ததில்லை. செந்தூல் அண்ணன், உபவாசத்தை விடுமுறை நாளில் ஒரு வேளை என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மா, நோட்டு வாங்கிவிட்டேன். ஈப்போ குடும்பம் ஒன்றை அழைத்துக் கேட்டதில் அந்தப் பாட்டிக்கு ஒரு காது கேட்காது என்று தெரிந்தது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும். அதற்கு யாரிடம் பேச வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். செயலாளரிடம் சொல்லி அனுப்பலாம்தான். நேரில் போகலாம் என்று இருக்கிறேன். ஒரே பயம், நான் போய் நின்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இன்னொன்று, எங்களுக்கு இடைவேளை அதிகாலை 3 மணிக்கு. உணவகத்தின் பின்னால் ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கே யாரும் வருவதில்லை. காலையில் தூக்கக் கலக்கத்தில் ஜெபிப்பதைவிட அந்த நேரம் சரியாக இருக்குமா?

ஆயர் ஈத்தாம் தாதி:

முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும் தம்பி. ரோமர் 12:18இல் பவுல் "கூடுமானால், உங்களாலானமட்டும்" என்று இரண்டு முறை அளவு வைத்துத்தான் எழுதுகிறார். உங்களால் ஆனது, போய் நின்று பேசுவது. பாட்டியின் காதைப் பற்றியே முதலில் பேசுங்கள்; பழைய கதையை அன்றைக்கே இழுக்க வேண்டாம். அவர் பதில் சொல்லாவிட்டாலும் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

3 மணி நல்ல நேரம். முதலில் ஏதாவது பசியாறிவிட்டு, பிறகு பெஞ்சுக்குப் போங்கள். எங்கள் சபையிலும் இப்போது சங்கிலி ஜெபம் ஓடுகிறது, அதில் அதிகாலை 3 முதல் 3.30 வரை எழுதிக்கொள்ள ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடக்கிறது. உங்கள் கூட்டத்தையும் எங்கள் பட்டியலில் சேர்க்கிறேன், அந்த அரை மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா? சரி என்றால் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள், அன்றைக்குத்தான் பட்டியலை ஒட்டுகிறோம்.

பாயான் லெப்பாஸ் இரவுப் பணியாளர்:

எழுதிவிடுங்கள் அம்மா. புதன்கிழமை மட்டும் எனக்கு விடுமுறை. அன்றைக்கு வீட்டிலிருந்தே எழுந்திருக்கிறேன்.