300 மில்லிமீட்டர் மழை 44 ஆகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மொரீசியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். வீட்டு மொட்டை மாடியில் மழைமானி ஒன்று வைத்து, அதன் கணக்கை சி மொழியில் எழுதிய நிரலில் பதிந்து வருகிறேன். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஓடியதிலிருந்தே இதில் ஓர் ஈடுபாடு.

நாள் மழையளவை 8 பிட் குறியற்ற மாறியில் (0 முதல் 255 வரைதான் கொள்ளும்) வைத்திருந்தேன். சோதனைக்கு 300 கொடுத்தால் 44 என்று பதிகிறது. 256 போக மீதிதான் அது. புயல் நாளில் இப்படிப் பதிந்தால் சாதாரண மழை என்றல்லவா நினைப்போம்!

ஜிசிசி கம்பைலரில் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) வால் (-Wall), எக்ஸ்ட்ரா (-Wextra) என்ற எச்சரிக்கைத் தேர்வுகள் இரண்டும் போட்டும் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. வகை மாற்றத்தில் மதிப்பு மாறக்கூடிய இடங்களைக் காட்டும் டபிள்யூ‑கன்வர்ஷன் (-Wconversion) போட்டதும் எழுபதுக்கு மேல் வந்து குவிந்தன. எல்லா இடத்திலும் காஸ்ட் (வகையை மாற்று என்று நாமே வெளிப்படையாக எழுதுவது) போட்டால் கம்பைலர் அமைதியாகிவிடும். 255 கொண்டு ஆண்ட் செய்து கடைசி 8 பிட்டை மட்டும் எடுத்தாலும் அப்படியே. ஆனால் 300 அப்போதும் 44தான், அதனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மழையளவை 16 பிட்டாக மாற்றிவிட்டேன், சரி. ஆனால் பழைய கோப்புகளில் அந்த இடம் ஒரு பைட்தான் (8 பிட்). அவற்றை எப்படிப் படிப்பது? அப்புறம், எல்லை பார்த்துவிட்டு மாற்றும் சிறு ஃபங்ஷன் ஒன்று எழுதி எங்கும் அதையே அழைக்கலாமா? எல்லை மீறினால் 255இல் நிறுத்துவதா, பிழை என்று திருப்புவதா? எழுத்துச் சரத்தின் நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென் ஃபங்ஷன் தரும் மதிப்பை இன்ட் வகை மாறியில் வைக்கும் இடங்களை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள்?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.