அப்பாவோட பிசி-348 ரிசீவர்: பழையபடி ஆக்கணுமா, அப்படியே வெச்சுக்கலாமா, வித்துடலாமா? கொஞ்சம் அவசரம்

ஸ்ரீரங்கம்_பாலா
வணக்கம். அப்பா ஹாம், லைசென்ஸ் வாங்கி வீட்லேர்ந்தே ரேடியோல பேசறவர், போன ஆவணில தவறிட்டார். மாடி ரூம் பூரா அவர் சாமான், இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். அதுல கறுப்பா பெருசா ஒரு மிலிட்டரி ரேடியோ இருக்கு, தகடுல பிசி-348னு போட்டிருக்கு. அண்ணன் டெக்சாஸ்ல இருக்கான், ஈபேல பாத்துட்டு நல்ல விலை போகும், ஒரிஜினலா ஆக்கி வித்துடுன்னு குதிக்கிறான். ஆனா அப்பா இதுல நெறைய மாத்தியிருக்கார். இங்க ஒரு ஆண்டிக் கடைக்காரர் 9,000 தரேன்னார், மாத்தினதப் பாத்துட்டு 4,000க்கு எறங்கிட்டார். ஒரிஜினல் ஆக்க எவ்ளோ செலவாகும்? வேலை செய்யல. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

கோவை_கதிர்
அப்பா விசயம் கேட்டு வருத்தமுங்க. இது ரெண்டாம் உலகப் போர்ல பிளேன்ல வெச்ச ரிசீவருங்க. பிசி-348னு மட்டும் சொன்னா பத்தாதுங்க, அதுக்குப் பின்னாடி ஒரு எழுத்து இருக்கும், ஆர், கியூ, என், ஜே இப்படி. அது என்னன்னு சொல்லுங்க. என்னென்ன மாத்தியிருக்காரு? போட்டோ போடுங்க, மேல ஒண்ணு, அடியில ஒண்ணு.

ஷேக்_நாகூர்
டைனமோட்டர் இருக்கா தம்பி? உள்ள ஒரு ஓரத்துல உருளையா சின்ன மோட்டார் மாதிரி இருக்கணும், டிஎம்-28னு பேரு. 28 வோல்ட்டை வாங்கி 220 வோல்ட்டா தரும். அது இல்லைன்னா ஒரிஜினல்ங்கிற பேச்சையே மறந்துடலாம்.

வால்வு_வாத்தியார்
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றார். மாடல் எழுத்து இல்ல, போட்டோ இல்ல, "வேலை செய்யல"ன்னா என்ன அர்த்தம்னும் இல்ல. டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு மருந்து கேப்பீங்களா? மேனுவல் எல்லா இடத்துலயும் கெடைக்குது. முதல்ல அதப் படிங்க, அப்புறம் வாங்க.

ஸ்ரீரங்கம்_பாலா
சாரி சார், எனக்கு இது ஒண்ணும் தெரியாது, நான் பேங்க்ல இருக்கேன். எழுத்து ஆர். மோட்டார் இல்ல, அந்த எடத்துல டிரான்ஸ்பார்மர் இருக்கு, சாதா ரெண்டு முள்ளு ஒயர் வெளிய வருது. முன்பக்கம் வட்டமா ஓட்டை போட்டு ஒரு மீட்டர் வெச்சிருக்கார். டயல் லைட்ஸ்னு எழுதின நாப்புக்குக் கீழ ஆர்.எஃப்.னு பெயின்ட்ல அப்பா கையெழுத்து. வேலை செய்யலன்னா, மாமா ஞாயித்துக்கிழமை பிளக்குல சொருகிப் பாத்தார், உள்ள வால்வு வெளிச்சம் தெரிஞ்சுது, ஸ்பீக்கர்ல உர்ர்ருனு சத்தம், ஆனா டயல எவ்ளோ திருப்பியும் திருச்சி வானொலி கூட வரல.

ஷேக்_நாகூர்
அல்லாவே. எத்தன வருசம் கழிச்சு நேரா பிளக்குல சொருகினீங்க?

ஸ்ரீரங்கம்_பாலா
அப்பா கடைசியா போட்டு ஒரு 20 வருசம் இருக்கும்.

ஷேக்_நாகூர்
இனிமே யாரும் அதத் தொடாதீங்க, மொதல்ல ஒயரப் பிளக்குலேர்ந்து உருவுங்க. அதுக்குள்ள இருக்கிற பேப்பர் கெப்பாசிட்டர் எல்லாம் இந்நேரம் கசியும். அதுலயும் ஸ்பீக்கர ஓட்டற அவுட்புட் வால்வுக்கு சிக்னல் குடுக்கற கப்ளிங் கெப்பாசிட்டர் கசிஞ்சா வால்வு எக்கச்சக்கமா கரண்ட்ட இழுத்து அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் சேத்து எரிச்சுடும். ரெண்டு முள்ளு ஒயர்னா எர்த் இல்ல, சேசிஸ்ல, அதான் உள்ள இருக்கிற உலோகத் தட்டுல, கை வெச்சா உங்களுக்கே ஷாக் அடிக்கலாம். எலக்ட்ரீஷியன் வெச்சிருப்பார் பாருங்க சீரிஸ் லாம்ப், அதுல 60 வாட் குண்டு பல்ப மாட்டி அது வழியா குடுக்கணும். பல்பு மொதல்ல பளிச்சுனு எரிஞ்சு அப்புறம் மங்கினா சரி, மங்காம பளபளன்னே நின்னா உள்ள எங்கயோ ஷார்ட்.

ஷார்ட்வேவ்_சேகர்
ஒரு நிமிஷம். திருச்சி வானொலி வரலைன்னா செட்டு செத்துப் போச்சுன்னு யாரு சொன்னது? திருச்சி மீடியம்வேவ்ல 936 கிலோஹெர்ட்ஸ். பிசி-348 எடுக்கறது 200லேர்ந்து 500 கிலோஹெர்ட்ஸ், அப்புறம் 1.5லேர்ந்து 18 மெகாஹெர்ட்ஸ். நடுவுல 500க்கும் 1500க்கும் எடையில இருக்கிறது அந்த செட்டுல கெடையவே கெடையாது, விமானத்துல பாட்டு கேக்கவா வெச்சான்? இவங்க மாமா ராத்திரி பூரா திருப்பினாலும் திருச்சி வராது 😄 ஏரியல் என்ன போட்டீங்க?

ஸ்ரீரங்கம்_பாலா
ஏரியல் தனியா போடணுமா?

வால்வு_வாத்தியார்
🤦

கோவை_கதிர்
வாத்தியாரே, அவரு பேங்க்ல இருக்காருங்க, நீங்க போய் பேலன்ஸ் ஷீட் போட்டா அவரும் இப்படித்தான் தலையில அடிச்சுக்குவாரு. பாலா, ஒரு பத்து மீட்டர் ஒயர மாடிக்கு மேல இழுத்துக் கட்டணுமுங்க. ஆனா ஷேக் பாய் சொன்ன கெப்பாசிட்டர் வேலைய முடிச்சுட்டு அப்புறம்.

பல்லாவரம்_பழசு
நான் பழைய செட்டு வாங்கி விக்கிறவன், அதனால வியாபாரமாவே பேசறேன். உங்க அண்ணன் ஈபேல பாத்தது கேட்ட விலை, வித்த விலை இல்ல. முடிஞ்ச விற்பனைய மட்டும் பாக்கச் சொல்லுங்க. மோட்டாரோட, ஒரு ஸ்குரூ கூடத் தொடாத செட்டுக்குத்தான் அந்த விலை. உங்களது மாதிரி மோட்டார கழட்டினது உலகம் பூரா கெடக்கு, போர் முடிஞ்சதும் அதை வாங்கின ஹாம் எல்லாரும் மொத வேலையா அதத்தான் பண்ணாங்க. ஒரிஜினல் ஆக்கணும்னா டிஎம்-28 அமெரிக்காலேர்ந்து வரணும், ஷிப்பிங், கஸ்டம்ஸ், அப்புறம் பேனல் ஓட்டைய அடைச்சு அந்த சுருக்கம் சுருக்கமான கறுப்பு பெயின்ட் அடிக்கணும், வால்வ சூடாக்கற ஹீட்டர் ஒயரிங்க திரும்ப 28 வோல்ட்டுக்கு சீரிஸா மாத்தணும். இவ்ளோ செலவு பண்ணி கடைசில ஓட்ட 28 வோல்ட்டுக்கு எங்க போவீங்க, ரெண்டு லாரி பேட்டரிய ஹால்ல வெப்பீங்களா? போட்ட காசு திரும்ப வராது. ஒண்ணு அப்படியே வெச்சுக்குங்க, இல்ல இருக்கிற நெலையிலயே ஒரு ஹாமுக்குக் குடுங்க. ஆண்டிக் கடைக்கு வேண்டாம், அவர் அத ஓட்டல் வரவேற்புல பொம்மையா வெக்கத்தான் விப்பார்.

வால்வு_வாத்தியார்
காசுக் கணக்கு சரி. ஆனா பேனல்ல ஓட்டை போட்டது மன்னிக்க முடியாத குத்தம். மோட்டார கழட்டினத நாளைக்கே திரும்ப மாட்டலாம், அறுத்த பேனல ஒட்ட முடியாது. சிக்னல் எவ்ளோ பலம்னு காட்டற ஒரு எஸ் மீட்டருக்காக ஒரு சரித்திரப் பொருள நாசம் பண்ணியாச்சு. பெரியவர் தவறிட்டார்ங்கிறதால இதுக்கு மேல சொல்லல.

ஷார்ட்வேவ்_சேகர்
சொல்லலன்னு சொல்லிட்டே சொல்லியாச்சு. வாத்தியாரே, அந்தக் காலத்துல இங்க ஒரு ஹாம் வெளிநாட்டு செட்டு வாங்கணும்னா பர்மிட்டு, டூட்டின்னு தலைகீழா நிக்கணும். கெடைச்சது டிஸ்போசல் சாமான், ராணுவம் வேண்டாம்னு வித்தது, அதுலதான் ஸ்டேஷன் போட்டாங்க. நம்ம ஆளுங்க குரல அனுப்பற பழைய முறை ஏஎம்லேர்ந்து புது முறை எஸ்எஸ்பிக்கு மாறினப்போ இந்த செட்டுல எஸ்எஸ்பி கேட்டா வாத்து கத்தற மாதிரி இருக்கும். இதுல ஒரே வால்யூம் நாப், ஏவிசில (செட்டே சமாளிக்கறது) போட்டா அது ஆடியோ, எம்விசில (கையால சமாளிக்கறது) போட்டா அதே நாப் ஆர்.எஃப். கெயின், அதாவது வர்ற சிக்னல எவ்ளோ பெருசாக்கணும்ங்கிறது. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சாத்தான் எஸ்எஸ்பி தெளிவா வரும், அதனால டயல் லைட் கண்ட்ரோலத் தூக்கிட்டு அந்த ஓட்டையிலயே ஆர்.எஃப். கெயின வெச்சிருக்கார். புதுசா ஓட்டை கூடப் போடல பாருங்க, இருந்தத உபயோகிச்சிருக்கார். வேலை தெரிஞ்ச மனுஷன்.

வால்வு_வாத்தியார்
மீட்டர் ஓட்டை?

ஷார்ட்வேவ்_சேகர்
அது சரி, அது ஓட்டைதான்.

ஆடியோ_அருண்
ப்ரோ அதுல 6வி6 வால்வு இருந்தா எனக்குத் தனியா குடுப்பீங்களா, ஆம்ப்ளிஃபயருக்கு வேணும், கொரியர் செலவு என்னோடது

ஷேக்_நாகூர்
வந்துட்டாருய்யா. வீட்ல சாவு விழுந்து இன்னும் ஒரு வருசம் ஆகல, நீங்க வால்வு புடுங்க வந்துட்டீங்க.

ஆடியோ_அருண்
கேட்டதுக்கு ஏன் இவ்ளோ கோவம். அதுல எப்படியும் ஒரிஜினல் அவுட்புட் வால்வு 41 தானே இருக்கணும், 6வி6 போட்டிருந்தா அதுவும் மாடிஃபிகேஷன்தான், எடுத்தா ஒரிஜினலுக்கு ஒரு படி கிட்ட வரும் 😜

கோவை_கதிர்
41க்கு ஆறு காலுங்க, 6வி6 ஆக்டல், எட்டுக் கால் சாக்கெட்டு. சாக்கெட்டையே மாத்தியிருந்தாத்தான் அது உள்ள போகும். எடுத்துட்டா அங்க ஓட்டைதான் மிச்சம், உங்க படி கீழ எறங்கற படிங்க.

பல்லாவரம்_பழசு
கடைக்காரர் உங்ககிட்ட "ஜப்பான்ல குண்டு போட்ட பிளேன்ல இருந்தது"ன்னு கதை விட்டாரா? எல்லாரும் விடுவாங்க, நானும் விட்டிருக்கேன்.

மூர்மார்க்கெட்_மாமா
குண்டு போட்டதோ இல்லையோ, பிளேன் கதை முழுப் பொய் இல்ல. பி-17, பி-24, பி-29னு அமெரிக்கக் குண்டு பிளேன் எல்லாத்துலயும் இந்த ரிசீவர்தான். போர் முடிஞ்சு கான்பூர்ல போட்டுட்டுப் போன பி-24 லிபரேட்டர்களைத்தான் பெங்களூர்ல எச்.ஏ.எல். விமானக் கம்பெனி சரி பண்ணி நம்ம ஏர்ஃபோர்ஸ் 1968 வரைக்கும் ஓட்டிச்சு. டிஸ்போசல் சாமான் மெட்ராஸ்ல கெடைச்ச எடம் மூர் மார்க்கெட், சென்ட்ரலுக்குப் பக்கத்துல, பழைய புஸ்தகத்துக்கும் ராணுவச் சாமானுக்கும் நடுவுல நான் கால்சட்டை போட்ட வயசுல சுத்தியிருக்கேன். 1985ல தீப்பிடிச்சு எரிஞ்சுது. இவங்கப்பா அங்கதான் வாங்கியிருப்பார், எழுதி வெச்சுக்குங்க.

ஷார்ட்வேவ்_சேகர்
மாமா உங்களுக்கு எல்லாமே மூர் மார்க்கெட்டுதான். போன வாரம் ஒருத்தர் ஜப்பான் செட்டு கேட்டப்பவும் மூர் மார்க்கெட்னீங்க.

மூர்மார்க்கெட்_மாமா
அதுவும் அங்க கெடைச்சுது. மார்க்கெட் எரிஞ்சப்புறம் கடைக்காரங்களுக்கு லில்லி பாண்ட்ல குடுத்த கடைல போய்ப் பாரு, அதுல பாதி பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

ஆடியோ_அருண்
எலக்ட்ரானிக்ஸ் கடையா இருக்கிற நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்காததா

மூர்மார்க்கெட்_மாமா
ரிச்சி ஸ்ட்ரீட்டு நேத்துப் பொறந்த கொழந்த தம்பி.

(இதுக்கப்புறம் மூர் மார்க்கெட்டா ரிச்சி ஸ்ட்ரீட்டான்னு பதினோரு பதில் ஓடுது, அதுல ஒண்ணு பிரியாணி பத்தி.)

ஸ்ரீரங்கம்_பாலா
சார் எல்லாரும் கொஞ்சம் இருங்க. பக்கத்துல இன்னொரு பெட்டியும் இருக்கு, அதுல ரெண்டு பெரிய வால்வு, தலைல ஒரு தொப்பி மாதிரி, 807னு எழுதியிருக்கு. அதையும் கடைக்காரர் சேத்துக் கேக்கறார். குடுத்துடலாமா?

ஷேக்_நாகூர்
குடுக்காதீங்க! அது டிரான்ஸ்மிட்டர். உங்கப்பா லைசென்ஸுல வெச்சிருந்தார், லைசென்ஸ் இல்லாத கைக்கு அது போகக்கூடாது, நாளைக்கு ஏதாச்சும் ஆனா உங்க பேர்தான் வரும். உங்க ஊர்ப்பக்கம் லைசென்ஸ் உள்ள ஹாம்கிட்ட எழுதி வாங்கிட்டு ஒப்படைங்க. இன்னொண்ணு, உள்ள கைய விடாதீங்க. அந்த மாதிரி பெட்டில 600 வோல்ட் சர்வ சாதாரணம், ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் கெப்பாசிட்டர் புடிச்சு வெச்சிருக்கும். ரிசீவர் வெறும் கேக்கற செட்டு, அது வேற விசயம்.

வால்வு_வாத்தியார்
பாய் சொன்னது சரி. பாலா, ரிசீவரப் பத்தி நான் கடைசியா சொல்றது இது. ஒரிஜினல் ஆக்கற ஆசைய விட்டுடுங்க, மாத்தினதோடயே ஓட வைங்க. அடித்தட்டைக் கழட்டி ஒரு போட்டோ போடுங்க, கெப்பாசிட்டர ஒண்ணொண்ணா நான் குறிச்சுக் குடுக்கறேன், கப்ளிங் மொதல்ல, பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக் அடுத்து, மத்த பைபாஸ் கெப்பாசிட்டர் எல்லாம் மெதுவா. உள்ள 6எஃப்7னு ஒரு வால்வு இருக்கும், அதோட கண்ணாடி உடையாம பத்திரமா இருக்கட்டும், அது கெடைக்கறது கஷ்டம். மேனுவலும் அனுப்பறேன், நீங்க எங்க தேடப் போறீங்க.

கோவை_கதிர்
வாத்தியாரா இது? அக்கவுண்ட் யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களாங்க?

பல்லாவரம்_பழசு
பாலா, போட்டோ?

ஷேக்_நாகூர்
பாலா தம்பி? நாலு நாள் ஆச்சு.

மூர்மார்க்கெட்_மாமா
வித்துட்டான் போல.

ஸ்ரீரங்கம்_பாலா
(16 நாள் கழிச்சு)
மன்னிச்சுக்குங்க, வீடு மாத்தற அலைச்சல். ஷேக் பாய் தனியா சொல்லிவிட்டவர் வந்து பாத்தார். கப்ளிங் கெப்பாசிட்டர் சுத்தமா போயிருந்துச்சாம், அதையும் பவர் சப்ளைல மூணையும் மாத்தி மூணு முள்ளு ஒயர் போட்டு சீரிஸ் பல்புல குடுத்தார், பல்பு மங்கிச்சு. உள்ள ஒரு குளவிக்கூடு வேற. காலைல 7 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு பேர் மழையப் பத்திப் பேசிட்டிருந்தாங்க, ராத்திரி 10 மெகாஹெர்ட்ஸ்ல சீனாக்காரன் நேரம் சொல்ற டைம் சிக்னல் டிக் டிக்னு வந்துது. 807 பெட்டிய லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிட்டார். ரிசீவர விக்கல. அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்கான். புது ஃப்ளாட்ல எடம் இல்ல, இப்போதைக்கு வாஷிங் மெஷின் மேல வெச்சிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

வால்வு_வாத்தியார்
வாஷிங் மெஷின் மேலயா?? 6எஃப்7 என்னத்துக்கு ஆகும்? எறக்குங்க மொதல்ல.