சென்சிடைசர் என்பதற்கு ‘பகைமூட்டி’: ஏன் இந்தச் சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கல்லூரி ஆய்வகங்களுக்கான பாதுகாப்புத் தாள்களைத் தமிழில் எழுதும் வேலையில் 1-குளோரோ-2,4-டைநைட்ரோபென்சீன் என் பங்குக்கு வந்தது. ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, சிடிஎன்பி என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன். சாயத் தொழிலில் இது ஓர் இடைப்பொருள். ஆல்டிஹைடு, கீட்டோன் சோதனைக்கு நாம் பயன்படுத்தும் டைநைட்ரோபினைல் ஹைட்ரசீனையும் இதிலிருந்துதான் செய்கிறார்கள்.

‘இன்டர்மீடியட்’ என்பதற்கு இடைப்பொருள் போதும் என்று போன வாரமே முடிவாகிவிட்டது. இடைநிலை என்று எழுதினால் பள்ளிப் பாடத்து இடைநிலைத் தனிமங்கள் குறுக்கே வரும் என்ற வாதம் சரியானது. இலங்கை நண்பர்கள் அவற்றைத் தாண்டல் மூலகம் என்பதால் அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இப்போது வேலை நின்றிருப்பது ‘சென்சிடைசர்’ என்ற ஒரே சொல்லில். முதலில் ஒன்றும் காட்டாமல், பின்னால் துளி பட்டாலும் உடம்பை எதிர்க்க வைக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். நேற்று ‘பகைமூட்டி’ என்று இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போனேன். உங்களில் சிலரிடமிருந்து எதிர்ப்பும் வேறு பரிந்துரைகளும் வந்தன. காரணத்தை விரிவாகச் சொல்லாதது என் தவறு. இப்போது சொல்கிறேன்.

எம்.ஃபில். படித்தபோது மீன் ஈரலில் குளுட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ் நொதியை அளக்கும் வேலை எனக்கு. உயிர்வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும்: சிடிஎன்பி குளுட்டாதயோனோடு சேர்வதை 340 நானோமீட்டர் ஒளியில் பார்ப்போம். 1974 முதல் உலகம் முழுக்கச் செய்யும் முறை. எத்தனாலில் கரைத்த சிடிஎன்பியைச் சின்னக் குப்பியில் வைத்திருப்பேன். மூடி சரியாக இறுகாது, விரலில் கசியும், டிஷ்யூவில் துடைத்துக்கொள்வேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. முதல் வாரமும் ஒன்றும் இல்லை. அரிப்புகூட இல்லை. மூன்றாவது வாரம் மணிக்கட்டில், வாட்ச் வாரின் அடியில், கொப்புளம் வந்தது. இரண்டு நாளில் கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. “கொஞ்சம் எரிச்சல்தான், பழகிடும்” என்றார் சீனியர். அவர் நல்லவர், தெரிந்ததைச் சொன்னார். ஆனால் நடந்தது அதற்கு நேர் எதிர். இன்று வரை அந்தக் கரைசல் சிந்திய மேசையைத் துடைத்த துணி என் கையில் பட்டால் போதும், மறுநாள் தோல் சிவந்துவிடும்.

அந்த ஆய்வகச் சுவரில் பாதுகாப்புத் தாள் தொங்கத்தான் செய்தது. ‘ஸ்கின் சென்சிடைசர்’ என்ற சொல்லை நானே பலமுறை படித்திருக்கிறேன். தோல் மென்மையானவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். என் தோல் அப்படிப்பட்டது இல்லை என்று நினைத்துக் கடந்துபோனேன். நாம் ஆக்கும் தமிழ்ச்சொல்லைப் படித்து இன்னொரு மாணவர் அப்படிக் கடந்துபோகக் கூடாது. எனக்கு இருக்கும் ஒரே அக்கறை அதுதான்.

இந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் சொல்லும் தானாகக் கிடைக்கும். சிடிஎன்பி சின்ன மூலக்கூறு. இவ்வளவு சிறியதை நம் நோயெதிர்ப்பு அமைப்பு தனியாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பென்சீன் வளையத்தில் இருக்கும் இரண்டு நைட்ரோ தொகுதிகள் குளோரினைக் கழன்றுவிடத் தயாராக வைத்திருக்கின்றன. தோலுக்குள் போனதும் குளோரின் கழன்று, அந்த இடத்தில் நம் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு நம் சொந்தப் புரதமே உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்த அடையாளத்தை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன. இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. அடுத்த முறை துளி பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் வீக்கம், கொப்புளம்.

இரத்த வகைகளைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனர்தான் 1930-களில் ஜேக்கப்ஸுடன் சேர்ந்து கினிப்பன்றிகளின் தோலில் இந்த வகைப் பொருள்களைச் சோதித்துப் பார்த்தவர். அனிலீனோடு எளிதில் வினைபுரிந்தவைதான் தோலையும் அப்பொருளுக்கு எதிராகத் திருப்பிவிட்டன என்று அவர்கள் கண்டார்கள். சிடிஎன்பியின் உடன்பிறப்பான, குளோரினுக்குப் பதில் ஃப்ளோரின் உள்ள சேர்மத்தை வைத்துத்தான் உயிர்வேதியியலர் சாங்கர் இன்சுலின் சங்கிலிகளின் முனை அமினோ அமிலங்களைக் கண்டுபிடித்தார். புரதத்தை விடாமல் பிடிக்கும் அந்தக் குணம்தான் அவருக்கு உதவியது, அதே குணம்தான் தோலைக் கெடுக்கிறது. சிடிஎன்பிக்குத் திரும்பிய தோல் சாங்கரின் பொருளுக்கும் திரும்பும். எனவே ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுவது வழியாகாது.

இனி வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘உணர்வூட்டி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒளி வேதியியலில் ‘ஒளி உணர்வூட்டி’ பொருந்தும், அங்கே இருக்கட்டும். ஆனால் உணர்வூட்டும் பேச்சு, உணர்வூட்டும் பாட்டு என்று நல்ல பொருளில் பழகிய சொல்லைப் புட்டியின் மேல் ஒட்டினால் யார் கையுறை போடுவார்கள்?

> ‘எரிச்சலூட்டி’ போதாதா?

போதாது. அது ‘இரிட்டன்ட்’டுக்கு உரியது. எரிச்சலூட்டி பட்ட இடத்தில், பட்ட அன்றே காட்டிவிடும். கழுவி ஓய்வு கொடுத்தால் ஆறும். சென்சிடைசர் முதலில் ஒன்றும் காட்டாது, பிறகு பட்டபோதெல்லாம் திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் என் சீனியர் செய்த தவறை நாம் அச்சிலேயே செய்ததாகிவிடும். வேதிப்பொருள் புட்டிகளில் ஒட்டும் உலகளாவிய அபாயக் குறியீட்டு முறையில் ஏற்கெனவே ஒரு குறை இருக்கிறது. தோல் சென்சிடைசருக்கான எச் 317-க்கும், வெறும் தோல் எரிச்சலுக்கான எச் 315-க்கும் ஒரே ஆச்சரியக்குறிப் படம்தான். படம் பிரித்துக் காட்டாததைச் சொல்லாவது பிரிக்க வேண்டும்.

> கரப்பான் பண்டம் என்று ஊரில் சொல்கிறோமே, ‘கரப்பான் பொருள்’ எனலாமே?

இது எனக்கு மிகவும் பிடித்தது. நம் மண்ணின் சொல், பாட்டிகளுக்கும் புரியும். ஆனால் கரப்பான் பண்டம் என்பது ஏற்கெனவே கரப்பான் உள்ள உடம்பில் அதைக் கிளப்பிவிடும் உணவு. கத்திரிக்காயும் கருவாடும் கரப்பானை உண்டாக்கின என்று யாரும் சொல்வதில்லை, இருப்பதை அதிகமாக்கும் என்றுதான் ஒதுக்கச் சொல்வார்கள். நமக்கு வேண்டிய சொல் இல்லாத ஒன்றை உண்டாக்குவதைச் சொல்ல வேண்டும்.

> ‘ஒவ்வாமையூட்டி’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

இதுதான் வலுவான போட்டி, இரண்டு நாள் நானும் இதன் பக்கமே இருந்தேன். சிக்கல் எங்கே என்றால், ஒவ்வாமையை நாம் உடல்வாகாகத்தான் பேசுகிறோம். “அவனுக்கு இறால் அலர்ஜி, எனக்கு எந்த அலர்ஜியும் கிடையாது” என்போம். அப்படிச் சொல்லிப் பழகியவர் ஒவ்வாமையூட்டி என்று படித்தால், அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைப்பார். சிடிஎன்பி ஆள் பார்ப்பதில்லை. தோலில் ஒரு சிறிய வட்டத்தில் அரை மில்லிகிராம் பட்டால் கிட்டத்தட்ட எவரையும் திருப்பிவிடும். நாம் வைத்திருக்கும் 100 மில்லிமோலார் கரைசலில் ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர் என்று வைத்தால், அதில் 1 மில்லிகிராம் இருக்கிறது. ஒரே சொட்டு.

> ‘பகை’ மேடைப் பேச்சுச் சொல்லாக இருக்கிறது. அப்புறம், வேதிப்பொருள் எப்படிப் பகைவனாகும்?

வேதிப்பொருள் பகைவன் ஆவதில்லை. பகை கொள்வது உடம்பு. கோள்மூட்டி என்று ஒருவரைச் சொல்கிறோம். அவர் சண்டை போடுவதில்லை, இருவருக்கு நடுவே மூட்டிவிட்டு விலகிவிடுகிறார். இங்கேயும் அதுதான் நடக்கிறது: நம் புரதத்துக்கும் நம் காவல் செல்களுக்கும் நடுவே மூட்டிவிடுகிறது. பகை மூட்டிய அன்றே சண்டை வராது, உள்ளே இருந்து அடுத்த சந்திப்பில் வெடிக்கும். ஒருமுறை மூண்டால் எளிதில் மறக்காது. மூன்று குணமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. “பழகப் பழகப் பாலும் புளிக்கும்” என்ற பழமொழி தெரிந்த நமக்கு, பழகினால் சரியாகும் என்ற நினைப்பை உடைப்பது அவ்வளவு கடினமில்லை.

ஆய்வகத்துக்கு வெளியேயும் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். “பத்து வருஷமா இதே சிமெண்ட்தான், இப்பத்தான் கைக்கு ஒத்துக்கல” என்று கொத்தனார்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிமெண்ட்டில் உள்ள குரோமேட் ஒரு பகைமூட்டி. தலைச்சாயத்தில் உள்ள பாரா-பினைலீன்டைஅமீன் இன்னொன்று. 48 மணி நேரம் முன்னதாகத் தடவிப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். கார் பட்டறையில் பெயிண்டோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது மூச்சுக்குழாயைத் திருப்பும். பல மாதம் தாங்கியவருக்கு ஒருநாள் இளைப்பு வரும், அப்புறம் சிறிது வாசம் பட்டாலும் வரும். ஆகவே தோல் பகைமூட்டி, மூச்சுப் பகைமூட்டி. வினையாகச் சொன்னால் பகைமூட்டல். முதல் கட்டம் பகை மூளல், இரண்டாவது பகை கிளர்தல். திரும்பிவிட்ட தோலைப் ‘பகைகொண்ட தோல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒரு மனிதரைக் குறிக்க ‘பகைகொண்டவர்’ என்று எழுதவே முடியாது, பொருள் மாறிவிடும். அங்கே மட்டும் ‘இப்பொருளுக்குப் பகை மூண்டவர்’ என்று நீட்டி எழுதியிருக்கிறேன். வேறு நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

தாளில் கையாளும் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், வேதியியல் நண்பர்கள் பார்த்துத் திருத்தவும்:

“இது தோல் பகைமூட்டி. முதல் முறை பட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். ஃபியூம் ஹுட்டின் உள்ளே எடை போடவும். தேவைக்கு மேல் கரைசல் செய்து வைக்க வேண்டாம். மெல்லிய கையுறை முழுக் காப்பு அல்ல. இரண்டு அடுக்கு அணிந்து, துளி பட்டால் உடனே மாற்றவும். அணிந்த கையுறையோடு கைபேசி, கதவுப்பிடி, கண் இமை எதையும் தொட வேண்டாம். தோலில் பட்டால் சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவவும். ஆல்கஹாலால் துடைக்கக் கூடாது, அது பொருளைக் கரைத்துப் பரப்பும். இது தோல் வழியே உள்ளே சென்று நஞ்சாகவும் செயல்படும். மூடிய கலனில் சூடாக்க வேண்டாம், வெடிக்கக்கூடும். மீதியைத் தொட்டியில் ஊற்றாமல் கழிவுப் புட்டியில் சேர்க்கவும். இப்பொருளுக்குப் பகை மூண்டவர் இதைக் கையாளும் வேலையிலிருந்து முழுவதும் விலக வேண்டும்.”

கடைசி வரியில் ‘முழுவதும்’ வேண்டுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டும்.