‘பெரிய வளவு’ குழுவில் ஒரு பச்சோந்தி

புதன்கிழமை

சுகந்தி (காலை 6.48): (படம்)

சுகந்தி: வேலி எரித்த சாம்பலுக்குப் பக்கத்தில் கிடந்தது. உயிர் இருக்கிறது. ஒரு கண்ணைத்தான் திறக்கிறது. என்ன செய்வது, யாராவது சொல்லுங்கள்.

மதன்: ஓணானா?

சுகந்தி: ஓணான் இல்லை மச்சான். வால் சுருண்டிருக்கிறது பாருங்கள்.

தங்கம் மாமி: கிட்டப் போகாதே மனே. விஷம்.

சிவா அண்ணன்: பந்தல்காரருக்கு 150 கதிரை சொல்லட்டுமா, 200 சொல்லட்டுமா? அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. இரண்டு நாளாகக் கேட்கிறேன்.

மதன்: 150 காணும்.

சுகந்தி: அண்ணா, இதற்கு முதலில் ஒரு வழி சொல்லுங்கள்.

குலம் மாமா: சுகந்தி, இது பச்சோந்தியேதான். நம் ஆட்கள் ஓணானையும் பச்சோந்தி என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். இலங்கையில் உண்மையான பச்சோந்தி ஒரே ஓர் இனம்தான். உலர் வலயத்துப் பற்றைகளிலும் வேலிகளிலும் இருப்பது. காலைப் பார், விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடு போல இருக்கும். கொப்பைப் பிடிப்பதற்காகவே அமைந்த கால், நிலத்தில் அதனால் ஓட முடியாது. விஷம் துளியும் கிடையாது, மாமி சொல்வதைக் கேட்டுப் பயப்படாதே. உன் படத்தில் கண் குழி விழுந்திருக்கிறது. அது உடம்பில் தண்ணீர் வற்றியதன் அடையாளம். பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதும் நல்லதல்ல. இந்தக் கச்சான் காற்றில் நமக்கே நா வறள்கிறது, அதுவோ நெருப்புக்கும் தப்பி வந்திருக்கிறது. இப்போது சாப்பாடு கொடுக்காதே. முதலில் தண்ணீர். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அந்த வேலை வேண்டாம். கிண்ணத்தில் வைத்தாலும் குடிக்காது. இலையில் துளி உருண்டு நின்றால்தான் அது தண்ணீர் என்று அதற்குத் தெரியும். சோடாப் போத்தலின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, தேசி மரத்துக் கொப்பில் கட்டு. இலையில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும்.

மதன்: அப்பா பாடம் தொடங்கிவிட்டார்.

சுகந்தி: போத்தல் கட்டுகிறேன் மாமா.

ரவி: வேலியை எரிக்கச் சொன்னது யார்?

சிவா அண்ணன்: பந்தலுக்கு இடம் வேண்டாமா?

ரவி: பந்தலுக்கு முப்பது அடி வேலி எரிய வேண்டுமா?

தங்கம் மாமி: காலையிலேயே தொடங்காதீர்கள். அக்கா போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சுகந்தி (காலை 9.15): தேசி மரத்தில் விட்டிருக்கிறேன். கோழிகள் கொத்த வருகின்றன. பூனையும் நிற்கிறது. சுற்றிக் கட்ட வலை இல்லை. அம்மாவின் நுளம்பு வலை அலுமாரியில் இருக்கிறது. எடுக்கட்டுமா?

தங்கம் மாமி: முப்பத்தொன்று முடியும் வரை அக்காவின் சாமானைத் தொடக்கூடாது.

அனு அக்கா (டொரன்டோ): அம்மாவின் வலையையா? நான் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. சுகந்தி, அதைக் கிழித்துவிடாதே.

அனு அக்கா: சரி, எடு. அம்மா இருந்தால் அவவே எடுத்துக் கொடுத்திருப்பா. காகம் கொத்தின அணில் குஞ்சைப் பஞ்சில் வைத்து வளர்த்தவ.

சுகந்தி: ஓம் அக்கா. கட்டிவிட்டேன். (படம்)

குலம் மாமா: நல்லது. வெயில் காலை எட்டு மணி வரை மட்டும் பட்டால் போதும். பிறகு நிழல். அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் தூர நிறுத்து. நாம் தொடும் ஒவ்வொரு முறையும் அது சாகப் போகிறோம் என்றுதான் நினைக்கும்.

வியாழக்கிழமை

சுகந்தி (மாலை 5.20): குடித்தது! குடித்தது! நான் என் கண்ணால் கண்டேன். கழுத்தை நீட்டி, இலையை நக்கி நக்கி, பத்து நிமிடம் குடித்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது. (காணொளி)

மதன்: அடடா.

அனு அக்கா: அழுகை வருகிறது எனக்கு.

குலம் மாமா: இனிப் பிழைக்கும். நாளைக்கு ஒரு வெட்டுக்கிளி. ஒன்று போதும். வயலில் மருந்து அடித்த இடத்தில் பிடிக்காதே, நஞ்சு வெட்டுக்கிளியில் இருந்து இதற்குப் போய்விடும். கிணற்றடிப் புல்லில் பிடி. பாலும் சோறும் வைக்காதே. அது உயிரோடு அசைகிற பூச்சியைத்தான் தின்னும்.

சுகந்தி: அபி பிடித்து வைத்திருக்கிறான். பெயரும் வைத்துவிட்டான். குண்டு.

மதன்: எங்கே குண்டு? மெலிந்து கிடக்கிறதே.

சுகந்தி: வயிறு மட்டும் புடைத்திருக்கிறது. அபி கேட்கிறான் மாமா, சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகுமா என்று.

சிவா அண்ணன்: நிறம் மாறுகிற சாதியை நம்ப முடியுமா.

ரவி: காணி பிரித்த அன்று எனக்குச் சொன்னது இதே சொல். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

(சிவா அண்ணனின் செய்தி நீக்கப்பட்டது)

ரவி: நீக்கினால் போதுமா?

குலம் மாமா: ரவி, சிவா, இரண்டு பேரும் இதைக் கேளுங்கள். அபிக்கும் வாசித்துக் காட்டு சுகந்தி. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகாது. பச்சோந்தி மற்றவர்களை ஏமாற்றவோ இருக்கிற இடத்துக்கு ஏற்ப நடிக்கவோ நிறம் மாறுவதில்லை. குளிர்ந்தால் வெயிலைக் கூடுதலாக வாங்குவதற்குக் கறுக்கும். பயந்தால் கறுக்கும், கோபம் வந்தால் பளிச்சென்று ஆகும், நித்திரையில் வெளிறும். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை வைத்துக் கண்டுபிடித்தது இது: அதன் தோலில் மிக நுண்ணிய பளிங்குகள் அடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்தே நிறத்தை மாற்றுகிறது. மனதில் இருப்பதை மறைக்க முடியாத பிராணி அது. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் வேறு பெயர் பாருங்கள். முப்பது வருடம் வகுப்பில் சொன்னேன், வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

தங்கம் மாமி: கேட்கிறோம் கேட்கிறோம். மருந்து குடித்தீர்களா?

ரவி: நன்றி மாமா.

அனு அக்கா: சிவா அண்ணா, ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சிவா அண்ணன்: கதிரை 200 சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை

தங்கம் மாமி: (குரல் செய்தி, 2 நிமிடம் 40 வினாடி)

மதன்: அம்மா சொல்வது இதுதான். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். அதோடு உளுந்து எத்தனை கிலோ என்றும் கேட்கிறா.

சுகந்தி: மாமி, அந்தக் கதையைக் கேட்டுத்தான் பிள்ளைகள் கல்லால் எறிகிறார்கள். நேற்றும் இரண்டு பெடியன்கள் படலையில் கல்லோடு நின்றார்கள். அபி அழுதுகொண்டு ஓடி வந்தான்.

தங்கம் மாமி: எறியச் சொல்லி நான் சொல்லவில்லை மனே. அதுவும் ஒரு உயிர்தானே.

சுகந்தி: உளுந்து ஆறு கிலோ. வெட்டுக்கிளி மூன்று சாப்பிட்டது. நாக்கு எப்படி வந்து போனது என்றே தெரியவில்லை, உடம்பை விட நீளம். டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் ஃபோனில் கேட்டேன். மாடு, ஆடு, நாய்தான் பார்ப்பாராம். வைத்துவிட்டார்.

குலம் மாமா: வனவிலங்குத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடு. எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். இதை நாம் வளர்க்க முடியாது. 1937ஆம் ஆண்டிலிருந்தே தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தேற்றிவிடலாம், கூட்டில் அடைத்து வைத்திருக்கக் கூடாது. அபிக்கு இப்போதே சொல்லி வை, இல்லாவிட்டால் அன்றைக்கு அழுவான்.

சுகந்தி: எடுத்தேன் மாமா. செவ்வாய்க்கிழமை ஆள் வரப் பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் நன்றாகத் தேறிவிட்டால் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடலாமாம்.

சிவா அண்ணன்: எதற்கு இங்கே? நான் தாந்தாமலைக் காட்டில் கொண்டுபோய் விடுகிறேன். திங்கட்கிழமை மேசன் வருகிறார், மதில் அத்திவாரம் வெட்ட.

ரவி: மதிலா?

சிவா அண்ணன்: வேலி இருந்த இடத்தில்.

ரவி: என்னிடம் ஒரு சொல் கேட்டீர்களா?

மதன்: ஓணானுக்கு வேலி சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்.

தங்கம் மாமி: மதன், நீ பேசாமல் இரு.

குலம் மாமா: சிவா, தாந்தாமலை வேண்டாம். தெரியாத காட்டில் விட்டால் எந்த மரத்தில் வேறு பச்சோந்தி இருக்கிறது, எங்கே ஒதுங்குவது என்று ஒன்றும் தெரியாது. நோயில் எழும்பியது வேறு. அதன் வீடு நம் வேலிதான். அந்தக் கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் அப்பா காலத்தில் வைத்தவை. மண்முனைப் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன் நாங்கள் எல்லாரும் பாதைப் படகில் ஏறிக் கொக்கட்டிச்சோலைக்கு வந்து இறங்கினால், அந்த வேலியின் பச்சையைக் கண்டுதான் வளவு வந்துவிட்டது என்று அறிவோம். எத்தனை பச்சோந்தி, எத்தனை புலுனிக் கூடு அதற்குள். எரிந்தது எரிந்துவிட்டது. வடக்கு மூலையில் இன்னும் பத்து அடி மிச்சம் இருக்கிறதாமே, அதையாவது விடுங்கள்.

அனு அக்கா: மாமா சொல்வது சரி.

சிவா அண்ணன்: அனுவுக்கு அங்கே இருந்து சொல்வது சுலபம். மாடு வந்து கத்தரியை மேய்ந்தால் யார் பார்ப்பது?

திங்கட்கிழமை

சுகந்தி (காலை 7.05): மாமா, குண்டு மரத்தை விட்டு இறங்கி வலைக்குள் மண்ணைப் பிறாண்டுகிறது. நேற்று மாலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. திரும்பவும் வருத்தமா?

குலம் மாமா: வயிறு புடைத்திருக்கிறது என்றாயே! நான் ஏன் அப்போதே யோசிக்கவில்லை. அது பெட்டை. முட்டை இடப் போகிறது. பச்சோந்தி மரத்தில் கூடு கட்டாது, நிலத்தில் குழி தோண்டித்தான் இடும். அன்றைக்குச் சாம்பலுக்குப் பக்கத்தில் இறங்கிக் கிடந்ததும் அதற்காகத்தான் இருக்கும். உடனே வலையைக் கழற்று. கோழியை அடை. தோண்டுகிற சத்தம்கூடக் கேட்காத தூரத்தில் நின்று பார். இடம் பிடிக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்துச் செத்தும் போகும்.

சுகந்தி: கழற்றிவிட்டேன். வேலிப் பக்கம் போகிறது. மெதுவாக, ஆடி ஆடி.

அனு அக்கா: நித்திரை கொள்ளவில்லை நான். சொல்லிக்கொண்டே இரு.

சுகந்தி (காலை 8.30): மேசன் வந்துவிட்டார். மண்வெட்டியோடு நிற்கிறார். அது தோண்டுகிற இடம் அத்திவாரக் கோட்டிலேதான். அண்ணா, ஃபோனை எடுங்கள்.

சுகந்தி: அண்ணா.

மதன்: சிவா மச்சான் பஸ்ஸில் இருப்பார்.

ரவி: நான் அங்கேதான் நிற்கிறேன். மேசனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

சிவா அண்ணன் (காலை 8.52): இன்றைக்கு வெட்ட வேண்டாம் என்று சொல். கூலியை நான் கொடுக்கிறேன்.

சுகந்தி (மாலை 4.40): முடிந்துவிட்டது. குழியை மண்ணால் மூடி, காலால் அமத்திவிட்டு, ரவி அண்ணனின் பக்கத்துப் பூவரசில் ஏறிவிட்டது. வயிறு ஒட்டிப் போய்விட்டது பாவம். போத்தலை அங்கே மாற்றிக் கட்டியிருக்கிறேன். அபி அழவில்லை. கை காட்டினான்.

குலம் மாமா: பத்து இருபது முட்டையாவது இருக்கும். பொரிக்க மாதக்கணக்கில் ஆகும். அது வரை அந்த இடத்தை மிதிக்கக் கூடாது, தோண்டவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. தாய் திரும்பி வந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். நாளைக்கு வனவிலங்கு ஆட்கள் வந்தால் இடத்தைக் காட்டு.

சுகந்தி: சுற்றி நான்கு கல் வைத்திருக்கிறேன்.

சிவா அண்ணன்: மாதக்கணக்கில் என்றால் மதில்?

ரவி: மேசனை அனுப்பிவிட்டு முப்பது கதியால் வெட்டி வைத்திருக்கிறேன். பூவரசும் கிளுவையும். மழை தொடங்கியதும் நட்டால் பிடித்துவிடும்.

அனு அக்கா: வேலிக் கூலி என் பொறுப்பு.

சிவா அண்ணன்: அதைப் பிறகு கதைப்போம். ஞாயிற்றுக்கிழமை பந்தல் கால் எங்கே நடுவது? அந்தக் கல் வைத்த இடத்தில்தான் நடுக்கால் வருகிறது.

சுகந்தி: கிணற்றுப் பக்கம் தள்ளினால்?

சிவா அண்ணன்: கிணற்றுப் பக்கம் ரவியின் பங்கு.

தங்கம் மாமி: உளுந்து ஆறு கிலோ காணாது. எட்டு வாங்குங்கள்.

ரவி (இரவு 9.12): நடுங்கள். கிணற்றுக் கட்டில் மட்டும் முட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுகந்தி (இரவு 9.30): (படம்) டோர்ச் அடித்துப் பார்த்தேன். பூவரசங் கொப்பின் நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு, வெளிறிப்போய்த் தூங்குகிறது.